வரி விலக்கு பெற்ற படம்: விட்டுக்கொடுத்தது யாருடைய பணம்?

பழைய சினிமா டிக்கெட் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இளஞ்சிவப்பில் மட்டக் காகிதம், பாதி கிழிந்தது. அனுமதிக் கட்டணம் இவ்வளவு, கேளிக்கை வரி இவ்வளவு என்று தனித்தனியாக அச்சடித்திருக்கிறது. கவுன்ட்டரில் சில்லறையை நீட்டியபோது இரண்டு பேருக்குப் பணம் கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முதல் தொகை தியேட்டருக்கும் விநியோகஸ்தருக்கும் போனது. இரண்டாவது தொகை அரசுக்குப் போய், அதில் பெரும்பகுதி உள்ளாட்சிக்குத் திரும்பி வந்தது. சோழவந்தானில் படம் பார்த்தவர் கட்டிய வரியில் சோழவந்தான் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் ஒரு பங்கு இருந்தது.

2006க்குப் பிறகு போஸ்டர்களில் புதிதாக ஒரு வாசகம் வந்தது: தமிழக அரசின் வரிவிலக்கு பெற்ற படம். நாங்கள் கொடுத்த டிக்கெட் காசு அப்படியேதான் இருந்தது. வரியாகப் போக வேண்டிய பங்கு எந்தப் படத்துக்காக எவ்வளவு விடப்பட்டது என்று ஊரில் யாரும் கணக்குப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் கணக்கைக் கேட்க ஊருக்கு உரிமை உண்டா, அல்லது அது ஒரு வரிசெலுத்துவோரின் அந்தரங்கமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

சோழவந்தானுக்கும் சினிமாவுக்கும் உறவு பழையது. வைகைக்கு அந்தப் பக்கம் தென்கரை. அங்கே 1924இல் பிறந்தவர் டி.ஆர். மகாலிங்கம், பெயரின் முதல் எழுத்திலேயே ஊர் இருக்கிறது. 1938இல் 'நந்தகுமார்', 1945இல் 'ஸ்ரீவள்ளி', 1947இல் 'நாம் இருவர்' என்று பாட்டாலேயே உயர்ந்தவர், பிறகு மகன் சுகுமாரின் பெயரில் கம்பெனி தொடங்கிச் சொந்தப் படம் எடுத்தார். 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை' எல்லாம் அப்படி வந்தவை. படம் எடுத்ததில் கைப்பணம் கரைந்தது. 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'தான் அவரை மறுபடி தூக்கி நிறுத்தியது. 1978இல் மறைந்தார்.

அவரை இங்கே நினைக்க ஒரு காரணம் இருக்கிறது. சொந்தப் பெயரிலும் பிள்ளை பெயரிலும் படம் எடுத்தவருக்கு வீட்டுக் கணக்கும் கம்பெனிக் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நஷ்டம், கடன், வரிப் பாக்கி எல்லாம் ஒரே பேரேட்டில் வரும். அந்தப் பேரேட்டை ஊர் புரட்டிப் பார்ப்பதை எந்த மானமுள்ள மனிதரும் விரும்பமாட்டார். வரி விவரங்களுக்கு ரகசியம் வேண்டும் என்று சட்டம் சொல்வதன் நியாயம் இதில் இருக்கிறது. அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். என் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

கேளிக்கை வரிச் சட்டம் 1939இல், ராஜாஜி முதல்வராக இருந்தபோது வந்தது. பிறகு வந்த எல்லா ஆட்சிகளும் அதில் கை வைத்தன. சிற்றூர்க் கொட்டகைகளுக்கு இருக்கைக் கணக்கில் மொத்தமாகக் கட்டும் முறை வந்தது. நல்ல படம் என்று அரசு கருதியவற்றுக்கு அவ்வப்போது தனி விலக்கு கிடைத்தது. பெரிய மாற்றம் 2006 ஜூலையில் நடந்தது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி முழுவதும் கிடையாது என்று கருணாநிதி அரசு ஆணையிட்டது.

உடனே கோடம்பாக்கத்தில் பெயர்கள் மாறத் தொடங்கின. 'ஜில்லுனு ஒரு காதல்' என்று விளம்பரமான படம் 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'சம்திங் சம்திங்' உதிர்ந்து 'உனக்கும் எனக்கும்' மட்டும் நின்றது. 'எம்டன் மகன்' 'எம் மகன்' ஆனது. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் எம்டன். தமிழ்நாட்டு வீடுகளில் கண்டிப்பான அப்பாக்களுக்கெல்லாம் பட்டப்பெயராகித் தலைமுறைகள் புழங்கிய பிறகும், அது விலக்குக்குத் தமிழாகத் தேறவில்லை. 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 2010இல் 'எந்திரன்' என்று வந்தது. தமிழ்ப் பெயர் வைத்தது நல்ல காரியம்தான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பெயருக்கு ஊர் கொடுத்த விலை என்ன என்று கேட்டால், ரூபாயில் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

2011 ஜூலையில் ஜெயலலிதா அரசு நிபந்தனைகளைக் கூட்டியது. தமிழ்ப் பெயர் மட்டும் போதாது. தணிக்கையில் 'யு' சான்றிதழ் வேண்டும், கதை தமிழ்ப் பண்பாட்டை வளர்ப்பதாக இருக்க வேண்டும், வசனம் பெரும்பாலும் தமிழில் இருக்க வேண்டும், வன்முறையும் ஆபாசமும் மிகக் கூடாது. இவற்றைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு குழு. பெயர் தமிழா என்பதை அகராதியைப் புரட்டிச் சரிபார்க்கலாம். பண்பாட்டை வளர்க்கிறதா என்பதை எதைப் புரட்டிச் சரிபார்ப்பது? அதிகாரம் அந்த இடத்தில்தான் உள்ளே புகுந்தது. 2012இல் 'ஒரு கல் ஒரு கண்ணாடி'க்கு விலக்கு கிடைக்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஒருவரின் குடும்பத்துப் படம் என்பதால்தான் மறுத்தார்கள் என்று பேச்சு எழுந்தது. 2016இல் அதைத் தயாரித்த நிறுவனத்தின் 'கெத்து' படத்தில், கெத்து என்பது தமிழ்ச் சொல்லா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

மறுக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனதால் அந்த வழக்குகள் நமக்குத் தெரியவந்தன. கிடைத்தவர்களைப் பற்றி அப்படி எதுவும் தெரியவரவில்லை. எந்தக் காரணத்துக்காகக் கிடைத்தது, கிடைத்ததால் எவ்வளவு தொகை மிஞ்சியது, அந்தத் தொகை தயாரிப்பாளரிடம் போனதா, தியேட்டரில் நின்றதா, மதுரை–ராம்நாடு ஏரியாவை மினிமம் கேரண்டி என்ற உத்தரவாதத் தொகை கொடுத்து வாங்கிய விநியோகஸ்தரின் நஷ்டத்தை அடைத்ததா? வரி அந்த நாளில் 30 விழுக்காடு வரை இருந்தது. 100 ரூபாய் டிக்கெட்டில் 30 ரூபாய் வரை விட்டுக்கொடுத்தார்கள் என்றால் அது சின்னத் தொகை இல்லை. படம் ஓட ஓடத் தொகையும் ஏறும். வாரக் கணக்கில் ஓடும் பெரிய நடிகர் படத்துக்கு அள்ளிக் கொடுத்து, மூன்றே நாளில் தூக்கப்பட்ட சின்னப் படத்துக்குக் கிள்ளிக் கொடுக்கும் திட்டம் இது. கைதூக்கிவிட வேண்டிய படத்துக்குத்தான் இதில் மிகக் குறைவாகக் கிடைக்கிறது.

இதன் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பாருங்கள். 2007இல் ஞான ராஜசேகரன் இயக்கிய 'பெரியார்' படத்துக்குத் தமிழக அரசு 95 லட்சம் ரூபாய் கொடுத்தது. கொடுத்தது எவ்வளவு, யாருக்கு, எந்தப் படத்துக்கு என்பதெல்லாம் பத்திரிகைகளில் வந்தன. சரியா தவறா என்று அன்று வாதம் செய்தார்கள், இன்றும் செய்யலாம். குறைந்த செலவில் எடுக்கும் தரமான படங்களுக்குத் தமிழக அரசு 7 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. அதிலும் தொகை தெரியும், படத்தின் பெயர் தெரியும். கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் வெளிச்சம் இருக்கிறது. கருவூலத்துக்கு வரவேண்டியதை வராமலே விட்டால் இருட்டாகிவிடுகிறது. ஒரு கையால் கொடுப்பதும் இன்னொரு கையால் வாங்காமல் விடுவதும் ஊர்க் கணக்கில் ஒன்றேதான்.

இந்த இருட்டுக்குச் சட்டத்தில் என்ன பெயர்? வரி விவரங்களின் ரகசியம். 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54ஆவது பிரிவு, ஒருவர் தந்த கணக்கை வெளியே விடக் கூடாது என்று கதவை இறுகச் சாத்தியது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே கதவு 137ஆவது பிரிவாக வந்தது. பலரும் கவனிக்காத செய்தி ஒன்று: 1964இல் அந்தப் பிரிவை நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. அதன் பிறகு நின்றது 138ஆவது பிரிவு. அதன்படி எந்தக் குடிமகனும் வேறொரு வரிசெலுத்துவோர் பற்றிய தகவலைக் கேட்டு ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. பொதுநலன் இருப்பதாக ஆணையர் கருதினால் கொடுக்க முடிந்தது. கொடுக்கவில்லை என்றால் அந்த முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழியில்லாமல் இருந்தது. முழு ரகசியம் என்ற கொள்கை போய், அதிகாரியின் விருப்பம் என்ற கொள்கை அந்த இடத்தில் உட்கார்ந்தது.

2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது, ஒருவரின் தனிப்பட்ட தகவலுக்கு 8ஆவது பிரிவில் பாதுகாப்புக் கொடுத்தார்கள். 2012 அக்டோபரில் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், ஒருவரின் வருமான வரி ரிட்டர்ன் தனிப்பட்ட தகவல்தான், பெரிய பொதுநலன் இருந்தாலன்றித் தரவேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 158ஆவது பிரிவும் ரிட்டர்னிலும் கணக்கிலும் உள்ளதை வெளியிடக் கூடாது என்கிறது. சினிமாத் தயாரிப்பாளர் கூடுதலாகவே வரித் துறைக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு படத்துக்காக ஒருவருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வருமான வரிச் சட்டத்தின் 285பி பிரிவின்படி 52ஏ படிவத்தில் பட்டியல் தர வேண்டும் என்பது விதியாக இருந்தது. கதாநாயகன் சம்பளம், கேமராமேன் சம்பளம், செட்டுக் கூலி எல்லாம் அந்தப் படிவத்தில் ஏறின. அவையெல்லாம் துறையின் பெட்டிக்குள் இருப்பது நியாயம்தான். நடிகரின் சம்பளம் என்ன என்ற ஊர் ஆர்வத்துக்குத் தீனி போடுவது அரசின் வேலை இல்லை.

ஆனால் அதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். யாரும் கேட்காமலேயே ஒவ்வொரு அரசு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டியவற்றின் பட்டியல் அது. மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையும் பயனாளிகளின் விவரமும் அதில் இருக்கின்றன. அடுத்த வரியிலேயே, சலுகையும் அனுமதியும் பெற்றவர்களின் விவரமும் இருக்கிறது. சலுகை என்ற சொல்லைச் சட்டமே போட்டிருக்கிறது. வரி விலக்கு சலுகை இல்லை என்றால் வேறு எது சலுகை?

ரிட்டர்ன் என்பது ஒருவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சட்டத்தின் கட்டாயத்தால் அரசிடம் சொல்வது. சொல்லாமல் இருக்க அவருக்கு வழியில்லை. அதனால் அரசு வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். விலக்கு என்பது ஒருவர் தானாகப் போய்க் கேட்டு வாங்குவது. கேட்காமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. கட்டாயத்தில் சொன்னதைக் காக்க வந்த ரகசியம், விரும்பி வாங்கியதை மறைக்க உதவக் கூடாது. ரிட்டர்னை மூடி வைத்துவிட்டு, விலக்குத் தொகையை மட்டும் எழுதி ஒட்டலாம். ஒன்றை ஒன்று கெடுக்காது.

இதைச் செய்து காட்டிய இடம் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் படப்பிடிப்பை இழுப்பதற்காகப் போட்டி போட்டு வரிக் கழிவு கொடுக்கின்றன. ஜார்ஜியா 30 விழுக்காடு வரை கொடுக்கிறது. தயாரிப்பாளருக்குக் கட்ட வேண்டிய வரியே இல்லை என்றால், அந்தக் கழிவுச் சீட்டை வேறு கம்பெனிக்கு விற்றுக் காசாக்கலாம். ஐயோவா மாநிலத்தில் இப்படியொரு திட்டம் 2009 செப்டம்பரில் நின்றுபோயிற்று. படத் தயாரிப்புச் செலவு என்ற பெயரில் விலை உயர்ந்த கார்கள் வாங்கியது கணக்கில் சிக்கியதுதான் காரணம். மாசசூசெட்ஸ் வேறு வழி பார்த்தது. விற்கவோ பணமாகத் திரும்பப் பெறவோ கூடிய வரிக் கழிவை வாங்குபவரின் பெயரையும் தொகையையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 2010இல் சட்டம் போட்டது. வரி ரகசியச் சட்டம் அங்கேயும் இருக்கிறது. ரிட்டர்ன்கள் அங்கேயும் பூட்டித்தான் கிடக்கின்றன. சலுகைப் பட்டியல் மட்டும் வெளியே வந்தது. படக் கம்பெனிகள் அதற்காக ஓடிப்போய்விடவில்லை.

நம்மிடமும் இந்தப் போட்டி வந்துவிட்டது. வெளிநாட்டுப் படம் இந்தியாவில் எடுக்கப்பட்டால் செலவில் 30 விழுக்காடு, 2 கோடி ரூபாய் வரை திருப்பித் தருவதாக ஒன்றிய அரசு 2022இல் அறிவித்தது. 2023 நவம்பரில் அதை 40 விழுக்காடு, 30 கோடி என்று உயர்த்தியது. உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்கள் தங்கள் மண்ணில் எத்தனை நாள் படப்பிடிப்பு நடக்கிறது என்று எண்ணி மானியம் தருகின்றன. கேமரா வரும் ஊருக்கு வேலையும் வாடகையும் வரும் என்பது இவற்றின் வாதம். சோழவந்தான் பக்கம் இதை நேரில் பார்க்கலாம். அகத்தி மரத்தில் ஏறிய வெற்றிலைக் கொடிக்காலில் காட்சி எடுக்க யூனிட் வந்தால் சாப்பாட்டுக் கடைக்கு ஆர்டர் வரும், வேன்காரருக்கு ஓட்டம் வரும், கொடிக்கால்காரருக்கு ஒரு நாள் வாடகை வரும். மிதிபட்ட கொடி மறுபடி படர மாதக் கணக்காகும் என்பது அந்த வாடகையில் சேருவதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. ஊருக்கு வந்தது எவ்வளவு, ஊரிலிருந்து போனது எவ்வளவு என்று கூட்டிக் கழிக்க இரண்டு பக்கக் கணக்கும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும்தான் நமக்குத் தெரிகிறது.

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பழைய கேளிக்கை வரி போயிற்று. அரசியல் சாசனத்தின் 101ஆவது திருத்தம் கேளிக்கைக்கு வரி போடும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு மட்டும் விட்டுவைத்தது. அதை வைத்துத் தமிழக அரசு உள்ளாட்சி கேளிக்கை வரிச் சட்டம் கொண்டுவந்தது. ஜி.எஸ்.டி. 28 விழுக்காடு, அதற்கு மேல் இது 30 விழுக்காடு என்றதும் ஜூலை முதல் வாரத்தில் தமிழ்நாடு முழுவதும் தியேட்டர்கள் மூடப்பட்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் புதிய தமிழ்ப் படங்களுக்கு 10 விழுக்காடு என்றார்கள். அக்டோபரில் 8 ஆக்கினார்கள். 2025இல் 4 ஆயிற்று. படத்துக்குப் படம் குழு உட்கார்ந்து பார்த்த காலம் முடிந்து, எல்லாப் புதிய தமிழ்ப் படத்துக்கும் ஒரே விகிதம் வந்தது. இது பழையதைவிடப் பல மடங்கு நேர்மையான ஏற்பாடு. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

இருந்தாலும் குறைத்தது உள்ளாட்சியின் பணம். 300 இருக்கை நிரம்பிய ஒரு காட்சி, டிக்கெட் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வசூல் 30,000. 8 விழுக்காட்டில் 2,400 ரூபாய் வந்திருக்கும், 4 விழுக்காட்டில் 1,200. ஒரு காட்சிக்கு 1,200 ரூபாயை விட்டுக்கொடுத்தது சென்னையில் எடுத்த முடிவு. அந்தப் பணத்தில் நடக்க வேண்டிய வேலை ஊரில் இருக்கிறது. ஊருக்கு ஈடு வேண்டும் என்று கேட்பதற்கும், ஊர் நன்றாக இருக்கிறது, ஈடு வேண்டாம் என்று விடுவதற்கும் முதலில் தொகை தெரிய வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கதவு இன்னும் இறுகுகிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் தனிப்பட்ட தகவல் பற்றிய விதியைத் திருத்திவிட்டது. பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்த விதிக்குள்ளேயே இருந்த வாசகம் எடுக்கப்பட்டது. 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நம் சினிமாவில் படம் எடுப்பவர்களில் நிறையப் பேர் தனி உரிமையாளர்கள். கம்பெனியின் பெயரும் ஆளின் பெயரும் ஒன்றாக இருப்பதைக் காட்டி, அவர் வாங்கிய சலுகையும் தனிப்பட்ட தகவல்தான் என்று ஒரு அலுவலர் இனி எளிதாக எழுதிவிடலாம். தென்கரை மகாலிங்கத்தின் பேரேட்டைக் காக்கும் அதே விதியை, கோடிக்கணக்கில் சலுகை பெற்ற ஒருவருக்கும் திரையாகப் பிடிப்பார்கள். 4ஆவது பிரிவு அப்படியே இருக்கிறது என்பதையும், மறைப்பதைவிட வெளியிடுவதில் பொதுநலன் அதிகம் என்றால் வெளியிடலாம் என்று 8ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் சொல்கிறது என்பதையும் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வாடிப்பட்டி வட்டத்தில் இருக்கும் ஒரு பேரூராட்சி தன் வரவு பற்றி இவ்வளவு கேட்பது பெரிய ஆசை இல்லை. தமிழக அரசு மூன்று காரியம் செய்யலாம் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். சினிமாவுக்குத் தரும் ஒவ்வொரு மானியத்தையும் சலுகையையும் பெறுபவர் பெயரோடும் தொகையோடும் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடட்டும். 2006 முதல் 2017 வரை விலக்குப் பெற்ற படங்களுக்கு விடப்பட்ட தொகையை, வணிக வரித் துறையின் கோப்புகளிலிருந்து படவாரியாகத் தொகுத்துத் தரட்டும். கேளிக்கை வரி விகிதத்தைக் குறைக்கும்போது எந்த உள்ளாட்சிக்கு எவ்வளவு குறையும் என்பதை அந்த ஆணையோடு சேர்த்தே சொல்லட்டும். ஒருவருடைய ரிட்டர்னையும் இதற்காகத் திறக்க வேண்டாம்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் கேளிக்கை வரியாக ஆண்டுதோறும் வந்தது எவ்வளவு? யாருடைய அந்தரங்கமும் அந்தக் கேள்வியில் இல்லை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம்.